லினக்ஸ் மடிக்கணினியும் பேட்டரியும்: ஒரு வரலாறு

ஒரே மடிக்கணினி, ஒரே பேட்டரி. விண்டோஸில் நான்கைந்து மணி நேரம் தாங்குவது, லினக்ஸை நிறுவியதும் மூன்று மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. 1990களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் லினக்ஸ் பயனர்களிடம் ஓயாமல் கேட்ட முறையீடு இது. புதிதாக லினக்ஸுக்கு வந்த மாணவர் பலர் அதைக் கைவிட்டுத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு முரண் உண்டு. 2008இல் விற்பனைக்கு வந்த ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும், 2011இல் வந்த குரோம்புக் கணினிகளிலும் அடித்தளமாக இருப்பது அதே லினக்ஸ் கர்னல்தான். குரோம்புக்குகள் பேட்டரி நீடித்து உழைப்பதற்கே பெயர் பெற்றவை. ஆகவே மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட லினக்ஸுக்குத் தெரியாது என்ற விளக்கம் நிற்காது. வன்பொருளைச் செய்தவரே லினக்ஸை அதில் பொருத்திக் கொடுத்தபோது சிக்கல் பெரும்பாலும் எழவில்லை. விண்டோஸுக்காகச் செய்து, விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்த கணினியில், பின்னர் வேறொருவர் லினக்ஸை நிறுவியபோதுதான் அது எழுந்தது. அந்த இடைவெளியை நிரலாளர்களும் பயனர்களும் எப்படி ஒவ்வொன்றாகக் கண்டறிந்து அடைத்தார்கள் என்பதே இந்த வரலாறு.

ஒரு வாட்டின் மதிப்பு

பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணி என்ற அலகில் குறிக்கப்படுகிறது. 50 வாட்-மணி பேட்டரியுள்ள கணினி சராசரியாக 10 வாட் செலவிட்டால் 5 மணி நேரம் ஓடும். எங்கோ ஒரு வாட் வீணாகி 11 வாட் ஆனால், 4 மணி 33 நிமிடம். இழப்பு 27 நிமிடம்தான். ஆனால் அதே பேட்டரியோடு 5 வாட்டில் இயங்கக்கூடிய இன்றைய கணினியில் அதே ஒரு வாட் வீணானால், 10 மணி நேரம் 8 மணி 20 நிமிடமாகக் குறைகிறது. இழப்பு 100 நிமிடம். வன்பொருள் சிக்கனமாக ஆக ஆக, மென்பொருளின் சிறு ஊதாரித்தனமும் பெரிதாகத் தெரியத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

மடிக்கணினி பெரும்பாலான நேரம் வேலை செய்வதில்லை. பயனர் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு விசைத் தட்டல்களுக்கு நடுவில்கூட, நுண்செயலி சும்மாதான் இருக்கிறது. சும்மா இருக்கும் வேளையில் அது எவ்வளவு ஆழமாக உறங்குகிறது, எவ்வளவு நேரம் தொந்தரவின்றி உறங்குகிறது என்பதைப் பொறுத்தே பேட்டரியின் ஆயுள் அமைகிறது. நுண்செயலிகளில் சி1, சி2, சி3 என்று படிப்படியான உறக்க நிலைகள் உண்டு. எண் கூடக் கூட உறக்கம் ஆழமாகும், செலவு குறையும், விழித்தெழ ஆகும் நேரமோ கூடும்.

ஏபிஎம், ஏசிபிஐ

1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏபிஎம் என்ற மின் மேலாண்மைச் செந்தரத்தை வெளியிட்டன. அதில் முடிவெடுக்கும் பொறுப்பு பயாஸிடம் இருந்தது. திரையை எப்போது அணைப்பது, வன்தட்டை எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் பயாஸே பார்த்துக்கொண்டது. இயங்குதளம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. லினக்ஸுக்கான ஏபிஎம் இயக்கி நிரலை ஆஸ்திரேலிய நிரலாளர் ஸ்டீபன் ராத்வெல் எழுதினார். கேள்விகள் குறைவு என்பதால் அது பெரும்பாலான கணினிகளில் வேலை செய்தது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் ஏசிபிஐ என்ற புதிய செந்தரத்தைக் கொண்டுவந்தன. இதில் அதிகாரம் கைமாறியது. பயனர் என்ன செய்கிறார் என்பது பயாஸுக்குத் தெரியாது, இயங்குதளத்துக்கே தெரியும். எனவே முடிவெடுப்பதும் இயங்குதளமாகவே இருக்கட்டும் என்பது இதன் அடிப்படை. கொள்கை சரியானதுதான். ஆனால் அதைச் செயல்படுத்த, ஒவ்வொரு கணினியின் பேட்டரி, விசிறி, மூடி, உறக்க நிலை பற்றிய விவரங்களை இயங்குதளம் அறிய வேண்டும். அதற்காகத் தயாரிப்பாளர் அந்த விவரங்களை ஒரு சிறு நிரல்மொழியில் எழுதி, டிஎஸ்டிடி என்ற அட்டவணையாக பயாஸுக்குள் வைத்துவிடுவார். இயங்குதளம் அதைப் படித்து இயக்க வேண்டும். அதாவது, வன்பொருள் தயாரிப்பாளர் எழுதிய நிரலொன்று இயங்குதளத்தின் கர்னலுக்குள் ஓடுகிறது. அதில் பிழை இருந்தால் பழி இயங்குதளத்தின் மேல் விழும்.

ஏசிபிஐ வெளிப்படையான செந்தரம், யாரும் படிக்கலாம். எனினும் அது எல்லோருக்கும் பொதுவாக இருப்பதை அனைவரும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் அலுவலர்களுக்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்றில், ஏசிபிஐ நீட்டிப்புகளை ஏதோ ஒரு வகையில் விண்டோஸுக்கு மட்டும் உரியதாக ஆக்கலாமா என்று யோசித்திருந்தார். மைக்ரோசாஃப்டின் உழைப்பில் லினக்ஸும் பயன்பெற்றுவிடுமே என்பது அவர் கவலை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்து 2007இல் சமரசத்தில் முடிந்த வழக்கில் இந்த மின்னஞ்சல் சான்றாவணமாக வெளிவந்தது. லினக்ஸ் ஆர்வலர்கள் இதை ஒரு சதியின் ஆதாரமாகவே கொண்டாடினார்கள். ஆனால் அந்த யோசனையை நிறைவேற்றத் தேவையே இருக்கவில்லை. தயாரிப்பாளர்கள் விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்ததே அந்தப் பலனைத் தந்துவிட்டது.

அட்டவணையைத் திருத்திய பயனர்கள்

டிஎஸ்டிடி அட்டவணைகளைத் தொகுக்க இரண்டு கருவிகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்டுடையது, பிழைகளைக் கண்டும் காணாமல் விடும் இயல்புடையது. மற்றது இன்டெலுடையது; கண்டிப்பானது. விண்டோஸும் பிழையான அட்டவணைகளைச் சகித்துக்கொண்டு ஓடியது. லினக்ஸ் பயன்படுத்தியதோ இன்டெலின் ஏசிபிஐ நிரல் தொகுதி. செந்தரத்தில் எழுதியபடி அது நடந்துகொண்டது. விளைவாக, 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் ஏசிபிஐ ஓரளவு முதிர்ந்துவிட்ட பின்னும், பல மடிக்கணினிகளில் பேட்டரியின் அளவே திரையில் தெரியவில்லை. சிலவற்றில் விசிறி நிற்காமல் ஓடியது. மூடியை மூடினால் உறங்காது, உறங்கினால் எழாது.

அக்காலப் பயனர்கள் இதற்குக் கண்ட வழி இன்று வியப்பூட்டும். கணினியிலிருந்து அட்டவணையைப் பிரதியெடுத்து, இன்டெலின் கருவியால் அதைப் படிக்கக்கூடிய வடிவுக்கு மாற்றி, மீண்டும் தொகுத்துப் பார்ப்பார்கள். கருவி சுட்டிக்காட்டும் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்துவார்கள். பிறகு, கணினி தொடங்கும்போது பயாஸில் உள்ள அட்டவணைக்குப் பதிலாகத் திருத்திய அட்டவணையை ஏற்றும்படி கர்னலை அமைப்பார்கள். மாதிரி வாரியாகத் திருத்திய அட்டவணைகளைச் சேர்த்து வைத்த பொதுக் களஞ்சியமும் இருந்தது. தயாரிப்பாளரின் பிழையை வாங்கியவர் திருத்திக் கொடுத்த விந்தையான காலம் அது. கர்னல் நிரலாளர்களோ இந்த வழக்கத்தை விரும்பவில்லை. ஒவ்வொரு பயனரும் தன் அட்டவணையைத் திருத்துவதைவிட, விண்டோஸ் சகித்துக்கொள்ளும் பிழைகளை லினக்ஸும் சகித்துக்கொள்ளப் பழகுவதே நிரந்தரத் தீர்வு என்று அவர்கள் கருதினார்கள். அதுவே நடந்தது.

அதே காரணத்தால் இன்னொரு வேடிக்கையும் நிலைபெற்றது. இயங்குதளம் எது என்று பயாஸ் கேட்பதற்கு ஏசிபிஐயில் வழி உண்டு. 'நீ விண்டோஸின் இன்ன பதிப்பா?' என்று பயாஸ் கேட்டால், லினக்ஸ் 'ஆம்' என்கிறது. 'நீ லினக்ஸா?' என்று கேட்டால், 2000களின் பிற்பகுதியிலிருந்து 'இல்லை' என்கிறது. தன் பெயரை மறைக்கும் ஆசையால் அல்ல. லினக்ஸுக்கென்று பயாஸில் எழுதிய பகுதிகள் ஏதோ ஒரு பழைய கர்னலுக்காக எழுதிச் சோதிக்காமல் விட்டவையாக இருந்தன. விண்டோஸுக்கான பாதை ஒன்றே ஆள் நடமாடிய பாதை.

விநாடிக்கு ஆயிரம் தட்டல்கள்

பழியெல்லாம் தயாரிப்பாளர்மேல் போட்டுவிட முடியாது. லினக்ஸின் சொந்தக் குறையும் பெரிது.

இயங்குதளங்கள் நேரத்தைக் கணக்கிட, கடிகாரக் குறுக்கீடு ஒன்றைச் சீரான இடைவெளியில் வரவழைக்கும். லினக்ஸ் 2.4இல் இது விநாடிக்கு 100 முறை. 2.6இல் இதை 1000 ஆக்கினார்கள். நிரல்கள் உடனுக்குடன் பதிலளிக்க இது உதவியது. ஆனால் செய்வதற்கு எதுவுமே இல்லாதபோதும் நுண்செயலி ஒவ்வொரு மில்லிவிநாடியும் விழித்தெழ வேண்டியதாயிற்று. உறங்குகிறவரின் தோளை விநாடிக்கு ஆயிரம் முறை தட்டினால் ஆழ்ந்த உறக்கம் எப்படி வரும்? 2005இல் வந்த 2.6.13 பதிப்பில் இயல்பான அளவு 250 ஆகக் குறைக்கப்பட்டது. அது ஒரு சமரசம் மட்டுமே.

உண்மையான தீர்வு 2007 ஏப்ரலில் 2.6.21 பதிப்போடு வந்தது. தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்நார் ஆகியோர் உழைப்பில் உருவான இம்முறையில், சும்மா இருக்கும் வேளையில் கடிகாரத் தட்டல் அறவே நிற்கும். அடுத்த வேலை எப்போது என்று பார்த்து, அந்த நேரத்துக்கு மட்டும் எழுப்பச் சொல்லிவிட்டு நுண்செயலி உறங்கும். முதலில் 32 பிட் கணினிகளுக்கு வந்த இது, 2008 ஜனவரியில் வந்த 2.6.24இல் 64 பிட் கணினிகளுக்கும் கிடைத்தது.

தட்டல் நின்றதும் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கர்னல் தட்டுவதை நிறுத்தியபோதுதான், மற்றவர்களும் தட்டிக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது. அவர்கள் யார் என்று காட்டும் கருவியை இன்டெலில் பணிபுரிந்த அர்யன் வான் டி வென் 2007 மே மாதம் வெளியிட்டார். அதன் பெயர் பவர்டாப். நுண்செயலி எந்த உறக்க நிலையில் எத்தனை சதவீத நேரம் இருந்தது, விநாடிக்கு எத்தனை முறை விழித்தது, ஒவ்வொரு விழிப்புக்கும் காரணமான நிரல் எது, இப்போது எத்தனை வாட் செலவாகிறது என்பதையெல்லாம் அது ஒரே திரையில் பட்டியலிட்டது. கீழே ஒரு பரிந்துரை. இன்ன விசையை அழுத்தினால் அதை நிறைவேற்றிவிடும்.

லினக்ஸ் மடிக்கணினியின் வரலாற்றை இந்தக் கருவிக்கு முன், பின் என்று பிரிக்கலாம். அதற்கு முன் 'பேட்டரி சீக்கிரம் தீர்கிறது' என்பது ஒரு புலம்பல். பின்பு அது எண்களும் பெயர்களும் கொண்ட பிழையறிக்கை ஆனது. வெளிப்பட்டவை வெட்கப்படத்தக்கவை. ஒலியளவைக் காட்டும் சிறு சின்னம், யாராவது ஒலியளவை மாற்றினார்களா என்று விநாடிக்குப் பலமுறை தானே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. குறுந்தட்டுச் செருகியில் தட்டு போட்டிருக்கிறார்களா என்று ஒரு பின்னணி நிரல் சில விநாடிகளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தது. பார்வைக்கு ஒன்றும் செய்யாத உலாவியும் உரையாடல் நிரலும் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பம். நாற்பது நிரல்கள் தனித்தனி நேரத்தில் எழுப்பினால் உறக்கமே இல்லை.

தீர்வுகளில் ஒன்று எளிமையானது, அழகானது. பல நிரல்களுக்கு மிகத் துல்லியமான நேரம் தேவையில்லை. 'சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை' என்றாலே போதும். அப்படிப்பட்டவற்றை ஒரே கணத்தில் சேர்த்து எழுப்பினால், பல விழிப்புகள் ஒன்றாகிவிடும். குனோம் சூழலின் அடிப்படை நூலகமான ஜிலிப், 2007இல் வந்த 2.14 பதிப்பில் இதற்கெனத் தனிச் செயற்கூறு ஒன்றைச் சேர்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நிரல்கள் இந்த ஒரு வரி மாற்றத்தை ஏற்றன.

இக்காலத்தில் பரவிய தவறான வைத்தியம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நுண்செயலியை எப்போதும் மிகக் குறைந்த வேகத்தில் பூட்டி வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று பலர் நம்பினார்கள். வேலையை விரைவாக முடித்துவிட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதே பெரும்பாலும் சிக்கனம் என்று வான் டி வென் போன்றோர் விளக்கினார்கள். மெதுவாக வேலை செய்யும் நுண்செயலி நீண்ட நேரம் விழித்திருக்கிறது; அதனோடு நினைவகமும் இணைப்புச் சுற்றுகளும் விழித்திருக்கின்றன. இந்த விளக்கத்துக்குப் பிறகும் அந்தப் பூட்டு வைத்தியம் பல ஆண்டுகள் நீடித்தது.

வன்தட்டின் சொடக்குச் சத்தம்

2007இன் பிற்பகுதியில் உபுண்டு பயனர்களிடையே ஒரு பீதி பரவியது. மின் சிக்கனம் பேட்டரியைக் காப்பாற்றி, வன்தட்டைக் கொல்கிறது என்பதே அந்தப் பீதி.

மடிக்கணினி வன்தட்டுகள் சும்மா இருக்கும்போது தம் படிப்பு முனையை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மின்சாரமும் மிச்சம், அதிர்ச்சியிலிருந்து பாதுகாப்பும் உண்டு. இப்படி நிறுத்தி எடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பல வன்தட்டுகளுக்கு அது 6,00,000 முறை என்று தயாரிப்பாளர்கள் குறித்திருந்தார்கள். சில வன்தட்டுகளில் சில விநாடி ஓய்விலேயே முனையை நிறுத்தும் கடுமையான அமைப்பு இருந்தது. லினக்ஸோ ஏதாவது ஒரு சிறு பதிவை அடிக்கடி எழுதி அதை எழுப்பிக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கு இரண்டு முறை என்று வைத்தாலும் மணிக்கு 120. 5,000 மணி நேரத்தில் எல்லை தாண்டிவிடும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பயன்படுத்துபவருக்கு அது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. ஸ்மார்ட் எனப்படும் வன்தட்டின் தற்கண்காணிப்புப் பதிவில் 193ஆம் எண்ணுள்ள வரி இந்தக் கணக்கைக் காட்டும். பயனர்கள் தத்தம் எண்ணைப் பார்த்து அதிர்ந்தார்கள்.

அந்த அமைப்பு தங்களுடையதல்ல, வன்தட்டோடும் பயாஸோடும் வந்தது என்று உபுண்டு நிரலாளர்கள் சொன்னார்கள். அது சரியே. ஆனால் அடிக்கடி எழுப்பியது லினக்ஸ்தானே? கண்ட வழிகள் இரண்டு. எச்டிபார்ம் என்ற கட்டளையால் வன்தட்டின் அவசரத்தைத் தணிப்பது முதல் வழி. எழுதுவதைக் குறைப்பது மற்றது. ஒரு கோப்பை வெறுமனே படித்தால்கூட 'இப்போது படிக்கப்பட்டது' என்று வன்தட்டில் குறித்துவைக்கும் பழைய யுனிக்ஸ் வழக்கம் லினக்ஸில் அப்படியே தொடர்ந்தது. 2009இல் வந்த 2.6.30 பதிப்பிலிருந்து இயல்பாகவே இந்தக் குறிப்பு வெகுவாகக் குறைக்கப்பட்டது. படிப்பதற்காக எழுதுவது என்ற அபத்தம் முப்பதாண்டுக்கும் மேலாக யாரையும் உறுத்தாமல் இருந்து, பேட்டரியால்தான் முடிவுக்கு வந்தது.

2011: பின்னோக்கி ஒரு பாய்ச்சல்

2011 மார்ச்சில் 2.6.38 கர்னல் வெளிவந்தது. அடுத்த மாதம் வந்த உபுண்டு 11.04 அதையே ஏற்றுக்கொண்டது. பல மடிக்கணினிகளில் பேட்டரி முன்னைவிட விரைவாகத் தீரத் தொடங்கியது. பயனர் எதையும் மாற்றவில்லை; கர்னலைப் புதுப்பித்ததோடு சரி.

லினக்ஸ் வேகச் சோதனைகளுக்குப் பெயர்பெற்ற ஃபொரானிக்ஸ் நிறுவனர் மைக்கேல் லாராபெல் இதைத் துரத்திப் பிடித்தார். 2.6.37க்கும் 2.6.38க்கும் இடையே ஏறத்தாழ பத்தாயிரம் மாற்றங்கள். அவற்றில் குற்றவாளி எது? இதற்கு உதவும் உத்தி இருகூறாக்கல். நடுவில் உள்ள மாற்றம் வரைக்குமான கர்னலைத் தொகுத்து இயக்கி மின்செலவை அளப்பது. கூடியிருந்தால் குற்றவாளி முன்பாதியில், இல்லையென்றால் பின்பாதியில். ஒவ்வொரு சுற்றிலும் பாதி கழிய, சுமார் பதினான்கு சுற்றில் ஒரே மாற்றம் மிஞ்சும். பொறுமை தேவைப்படும் வேலை. ஆனால் ஊகத்துக்கு இடமில்லை.

2011 ஜூனில் விடை கிடைத்தது. கணினிக்குள் வலை அட்டை, வரைகலைச் சில்லு போன்றவற்றை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகள், தரவு ஓடாத வேளையில் உறங்கக்கூடியவை. இதற்கு ஏஎஸ்பிஎம் என்று பெயர். 'இந்தக் கணினியில் ஏஎஸ்பிஎம் ஆதரவு இல்லை' என்று அறிவிக்க ஏசிபிஐ அட்டவணையில் ஒரு குறி உண்டு. 2.6.38இலிருந்து கர்னல் அந்தக் குறியை மதித்து, இந்த உறக்கத்தை முழுவதும் அணைத்துவிட்டது. செந்தரத்தின்படி பார்த்தால் செய்ததில் தவறில்லை. ஆனால் பல பயாஸ்கள் அந்தக் குறியையும் இட்டுவிட்டு, தாமாகவே சில இணைப்புகளில் உறக்கத்தை இயக்கியும் வைத்திருந்தன. விண்டோஸ் அந்தக் குறியைக் கண்டால் எதையும் தொடாமல், பயாஸ் வைத்தபடியே விட்டுவிடும். லினக்ஸோ பயாஸ் இயக்கி வைத்ததையும் அணைத்தது.

கட்டாயமாக இயக்கச் சொல்லும் ஒரு தொடக்கக் கட்டளை உடனே பரவியது. சில கணினிகள் அதனால் உறைந்துபோயின; பரவலான மருந்தாக அது ஆகவில்லை. 2011 இறுதியில் அப்போது ரெட் ஹேட்டில் இருந்த மேத்யூ காரெட், விண்டோஸ் உண்மையில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து அதன்படி நடக்கும் திருத்தத்தை எழுதினார். 2012 மார்ச்சில் 3.3 பதிப்போடு அது வந்தது; பழைய பதிப்புகள் சிலவற்றுக்கும் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டது. ஒரு வரிக் குறியைச் சரியாகப் புரிந்துகொள்ள ஓராண்டு ஆயிற்று. செந்தர ஆவணம் சொல்வது ஒன்று, விண்டோஸ் செய்வது ஒன்று என்றால், வன்பொருள் சோதிக்கப்பட்டது இரண்டாவதோடுதான் என்ற பழைய பாடம் மீண்டும் உறுதியானது.

இரண்டு வரைகலைச் சில்லுகள்

2010இல் என்விடியா ஆப்டிமஸ் என்ற தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. மடிக்கணினியில் இரண்டு வரைகலைச் சில்லுகள். அன்றாட வேலைக்குச் சிக்கனமான இன்டெல் சில்லு, விளையாட்டுக்கு வலுவான என்விடியா சில்லு. தேவையில்லாதபோது பெரிய சில்லு தானாக அணைந்துவிடும். விண்டோஸில் மட்டும்.

லினக்ஸில் அது அணையவே இல்லை. யாரும் பயன்படுத்தாத பெரிய சில்லு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு, மடியைச் சுட்டுக்கொண்டிருந்தது. இந்த ஒரு வன்பொருள், அதுவரை சேமித்த சிறு சிறு வாட்டுகள் எல்லாவற்றையும் விழுங்கப் போதுமானதாக இருந்தது. அதை அணைக்கத் தன்னார்வலர்கள் 2011இல் பம்பிள்பீ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் நிறுவல் நிரலில் தவறிப்போய் விழுந்த ஒற்றை இடைவெளி, நிறுவியவர்களின் கணினியில் யுஎஸ்ஆர் என்ற அடிப்படைக் கோப்பகத்தையே அழித்தது. நிரலாளர்களிடையே இன்றுவரை பேசப்படும் கதை அது. ஆனாலும் பம்பிள்பீயையும் அதன் துணைக் கருவியையும் பலர் பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். வேறு வழி இருக்கவில்லை.

2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டி வசைபாடிய காட்சி உலகெங்கும் பரவியது. அதைத் தூண்டிய கேள்வி என்ன என்பது பலருக்கு நினைவில்லை. ஆப்டிமஸ் உள்ள மடிக்கணினியை வாங்கிவிட்டு, லினக்ஸில் அதற்கு ஆதரவு கிடைக்காமல் தவித்த ஒருவர் கேட்ட கேள்வி அது. என்விடியாவின் சொந்த லினக்ஸ் இயக்கி இரு சில்லுகளையும் சேர்த்துக் கையாளும் முறையை 2019இல்தான் தந்தது.

இயல்புநிலை என்னும் பொறுப்பு

2010களின் நடுப்பகுதியில் விசித்திரமான ஒரு நிலை இருந்தது. சிக்கனத்துக்கான வசதிகள் பெரும்பாலும் கர்னலில் வந்துவிட்டன. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. ஏதோ ஒரு பழைய வன்பொருளில் சிக்கல் வரும் என்ற அச்சம் காரணம். விவரம் தெரிந்த பயனர் டிஎல்பி என்ற கருவியை நிறுவி அவற்றை இயக்கிக்கொண்டார். தெரியாதவர், லினக்ஸ் என்றால் இப்படித்தான் என்று முடிவுசெய்தார்.

அச்சம் வெற்று அச்சமல்ல. சாட்டா வன்தட்டு இணைப்பின் உறக்கம் ஓர் எடுத்துக்காட்டு. அதை முழு அளவில் இயக்கினால் சில வன்தட்டுகளில் தரவே கெட்டது. சிக்கனமா, தரவா என்று கேட்டால் எந்த லினக்ஸ் வழங்கலும் தரவையே தேர்ந்தெடுக்கும். ஆனால் அதே வன்தட்டு விண்டோஸில் இன்டெல் இயக்கியோடு சிக்கனமாகவும் பத்திரமாகவும் ஓடியது. எப்படி? விண்டோஸ் இயக்கி முழு அளவுக்குப் போகாமல், ஓர் இடைநிலை அமைப்பையே பயன்படுத்தியது. ரெட் ஹேட்டின் ஹான்ஸ் டி கூடே அந்த இடைநிலையை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 2018 ஜனவரியில் 4.15 கர்னலில் அது சேர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் வந்த ஃபெடோரா 28 அதை மடிக்கணினிகளில் இயல்பாகவே இயக்கியது. ஒலிச் சில்லு, புளூடூத் ஆகியவற்றின் உறக்கமும் சேர்ந்தன. சாட்டா இணைப்பு ஒன்றிலேயே சும்மா இருக்கும் கணினியில் சுமார் ஒரு வாட் மிச்சமாகும் கணினிகள் இருந்தன. அந்த ஒரு வாட்டின் மதிப்பு என்ன என்பதை முன்பே பார்த்தோம்.

உலாவிகள் இதில் பின்தங்கின. காணொளியை விரிக்கும் வேலைக்கென்றே வரைகலைச் சில்லில் தனிச் சுற்று இருக்கும்போது, லினக்ஸில் உலாவிகள் நெடுங்காலம் அதை நுண்செயலியிலேயே செய்தன. திரைப்படம் பார்த்தால் விசிறி சுழலும், பேட்டரி கரையும். இன்டெல் சில்லுகளுக்கு ஃபயர்ஃபாக்ஸ் இதை இயல்பாகவே இயக்கியது 2023இல் வந்த 115ஆம் பதிப்பில்தான்.

மூடிய மடிக்கணினி

கடைசிச் சிக்கல், கணினியைப் பயன்படுத்தாதபோது எழுந்தது. பழைய எஸ்3 உறக்கத்தில் நினைவகம் தவிர மற்றதெல்லாம் அணைந்துவிடும். கைபேசிபோல மடிக்கணினியும் உடனே எழ வேண்டும், உறங்கும்போதும் அஞ்சல் வர வேண்டும் என்று விரும்பிய மைக்ரோசாஃப்ட், 2012இல் விண்டோஸ் 8 வழியாகவும் பின்னர் விண்டோஸ் 10 வழியாகவும் புதிய வகை உறக்கத்தைக் கொண்டுவந்தது. இதில் கணினி அணைவதில்லை. எல்லா உறுப்புகளும் ஒருசேர மிக ஆழ்ந்த ஓய்வுக்குப் போக வேண்டும். ஏதாவது ஒன்று போகாவிட்டால், மூடிய மடிக்கணினி பைக்குள் சூடாகிக்கொண்டே பேட்டரியைத் தின்னும். இம்முறை விண்டோஸ் பயனர்களும் அதே அவதியைப் பட்டார்கள் என்பது லினக்ஸ் பயனர்களுக்குச் சிறு ஆறுதல்.

தயாரிப்பாளர்கள் எஸ்3ஐப் பயாஸிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். 2018இல் வந்த லெனோவோவின் ஆறாம் தலைமுறை எக்ஸ்1 கார்பன் அவற்றில் ஒன்று. லினக்ஸ் பயனர்கள் செய்தது என்ன? பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செய்ததையே. டிஎஸ்டிடி அட்டவணையைப் பிரித்து, எஸ்3ஐத் தாங்களே எழுதிச் சேர்த்து, திருத்திய அட்டவணையை ஏற்றினார்கள். ஆனால் இம்முறை முடிவு வேறு. அதே ஆண்டு லெனோவோ வெளியிட்ட பயாஸ் புதுப்பிப்பில், உறக்க வகையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வரி வந்தது. அதில் இரண்டு தேர்வுகள்: ஒன்று விண்டோஸ் 10, மற்றது லினக்ஸ்.

சந்தை மெல்ல மாறியிருந்தது. டெல் 2012இலிருந்தே எக்ஸ்பிஎஸ் 13 மாதிரியை உபுண்டுவோடு விற்றுவந்தது. 2020இல் லெனோவோ சில திங்க்பேடுகளை ஃபெடோராவோடு விற்கத் தொடங்கியது. லினக்ஸோடு விற்றால் லினக்ஸில் சோதித்தாக வேண்டும். உறக்கப் பிழையைத் தேடும் முறையும் மாறியது. இப்போது ஏஎம்டி நுண்செயலியுள்ள கணினி ஒன்று சரியாக உறங்கவில்லையென்றால், ஏஎம்டி பொறியாளர்களே எழுதிய சோதனை நிரலை இயக்கலாம். அது கணினியை உறங்கச் செய்து எழுப்பி, மிக ஆழ்ந்த நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று அளந்து, இருக்கவில்லையென்றால் தடுத்தது கர்னல் பதிப்பா, வன்தட்டா, பயாஸா என்று பெயர் சொல்லி அறிக்கை தருகிறது. பயாஸ்தான் என்றால், அந்த அறிக்கையைப் பயனர் தயாரிப்பாளருக்கே அனுப்பலாம்.